நீர் இறங்கும் வழி, ஆள் ஏறும் வழி

சின்னமனூரைத் தாண்டியதுமே மேற்கு வானத்தின் அடிப்பகுதியை மலை எடுத்துக்கொள்கிறது. சாலையின் இருபுறமும் நெல், வாழை, தென்னை, பந்தல் போட்ட பன்னீர் திராட்சை. எல்லாவற்றுக்கும் பின்னால், நீலமாக, எங்கும் விடுபடாத மலைத்தொடர். எங்கே ஏறப்போகிறோம் என்று கண்ணால் தேடினால் ஏறுவதற்கு ஓர் இடமும் அகப்படாது. ஆனாலும் மனிதர்கள் பல இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, சாக்குலூத்துமெட்டு, போடிமெட்டு என்று தெற்கிலிருந்து வடக்காகச் சொல்லிக்கொண்டே போகலாம். சிலவற்றில் பேருந்து ஓடுகிறது. சிலவற்றில் இன்றும் கால்நடைப் பாதைதான்.

மதுரையிலிருந்து வந்த எங்கள் குழுவில் வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, பல் மருத்துவர், கட்டடப் பொறியாளர், அச்சகம் நடத்துபவர் என்று பல தொழில்காரர்கள் உண்டு. ஞாயிறு காலைகளில் அழகர்கோயிலுக்கும் நத்தத்துக்கும் சேர்ந்து சைக்கிள் மிதித்து வளர்ந்த சிநேகம். குமுளியில் ஏறி, கம்பம்மெட்டில் இறங்கி, போடிமெட்டில் மறுபடி ஏறி, மூணாறு, மறையூர் வழியாக உடுமலைப்பேட்டையில் முடிப்பது என்று இந்தப் புரட்டாசிக்குத் திட்டம். தென்மேற்குப் பருவமழை ஓயும் நேரம் அது. ஏலக்காய் பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரமும் கூட.

கூடலூர் கழிந்து லோயர் கேம்ப்பை நெருங்கும்போது முதலில் கேட்பது தண்ணீர்ச் சத்தம். மலைச்சரிவில் பெரிய குழாய்கள் நேராக இறங்கி மின்நிலையத்துக்குள் புகுகின்றன. அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இந்தப் பக்கம் வந்து, விசையாழிகளைச் சுற்றிவிட்டு, வைரவன் ஆற்றில் சேர்ந்து வைகைக்குப் போகிறது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் வேலை இதுதான்: மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அந்த அணைக்குப் பின்னால் ஜான் பென்னிகுயிக் என்ற பொறியாளரின் பிடிவாதமும், காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்துப்போன ஏராளமான கூலியாட்களின் உயிரும் இருக்கின்றன. லோயர் கேம்ப்பில் 2013இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தில் பென்னிகுயிக்கின் சிலை இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி இந்தப் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். தன்னை ஆண்ட அரசின் அதிகாரி ஒருவரை ஒரு விவசாயச் சமூகம் இப்படி வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டது அபூர்வம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு அதற்கான காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபத்தைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. நீர் இறங்கும் மலையில் நாங்கள் ஏறினோம். குமுளி ஏற்றம் நீளமானதல்ல. ஆனால் காடு அடர்த்தி, வளைவுகள் இறுக்கம், லாரிகள் அதிகம். சமவெளியில் கூட்டமாகப் பேசிக்கொண்டு போகும் குழு, ஏற்றம் வந்ததும் தானாகப் பிரிந்துவிடும். மலையேற்றத்தில் ஒருவருடைய வேகத்தில் இன்னொருவர் ஏற முடியாது. கூடுதல் வேகமாக மிதித்தால் மூச்சு போய்விடும். மெதுவாக மிதித்தால் சைக்கிள் நிற்காமல் ஆடும். அவரவர் கியரில், அவரவர் மூச்சோடு, தனித்தனியாக ஏறவேண்டியதுதான். எங்களில் ஆசிரியைதான் எப்போதும் முதலில் மேலே சேருவார். முதலில் சேர்ந்தவர் எல்லோருக்கும் டீ சொல்லிவைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கடைசியாக வந்தவரின் டீ ஆறியிருந்தால் புதிதாகப் போடச் சொல்வதும் அதே ஆளின் பொறுப்பு. வழக்கத்தை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் ஒருநாளும் அது தவறியதில்லை.

குமுளியில் ஒரே தெருவில் பாதி தமிழ்நாடு, பாதி கேரளம். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பரோட்டாக் கடை, அந்தப் பக்கம் பழம்பொரி. கடைக்காரர்கள் இரண்டு மொழியிலும் கணக்குச் சொல்கிறார்கள். டீ கொடுத்தவரை எங்களில் ஒருவர் "சேட்டா" என்றார். அவர் "சொல்லுங்க தம்பி" என்றார். ஊருக்கு மேலே, எல்லைக்கோட்டை ஒட்டிய வண்ணாத்திப்பாறை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் சிதைந்து நிற்கிறது. ஆண்டில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும், அதற்கு வழி திறக்கிறார்கள். அன்று குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்தும் மக்கள் ஏறுகிறார்கள். மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்த கண்ணகி இந்த மலைக்குத்தான் வந்தாள் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. மதுரையிலிருந்து அதே ஆற்றின் போக்கைப் பிடித்து மிதித்து வந்த எங்களுக்கு, அந்தத் தூரம் எத்தனை என்பது காலில் தெரிந்திருந்தது.

குமுளியிலிருந்து வடக்கே வண்டன்மேடு வரை சாலை ஏலத்தோட்டங்களுக்குள்ளேயே ஓடுகிறது. ஏலச்செடியைப் பார்த்தறியாதவர்கள் காயை மேலே தேடுவார்கள். ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த தட்டைகளுக்கு அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய் இருக்கிறது. அதனால் பறிப்பவர்கள் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் காயும் பூவும் சேர்ந்திருக்கும்; முற்றியதை மட்டும் விரலால் கண்டு கிள்ள வேண்டும். அதனால்தான் இதற்கு இயந்திரம் வரவில்லை. ஒரு தோட்டத்தைச் சுற்றி முடித்து மாதம் ஒன்றரை மாதத்தில் மறுபடி அதே செடிக்கு வருவார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். 'ஸ்டோர்' என்று இங்கே அழைக்கும் உலர்த்தும் கூடங்களிலிருந்து வெப்பமும் மணமும் கலந்த காற்று சாலைக்கு வருகிறது. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

கம்பம்மெட்டில் நின்று பார்த்தால் கிளம்பிய பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிகிறது. இறக்கத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பிரேக்கில் விரல் மரத்துப்போகும் அளவுக்கு வளைவுகள். கம்பத்துக்கு வந்தபோது உடம்பு மீண்டும் வேர்த்தது. ஒரே மலையின் இரண்டு பக்கமும் இரண்டு பருவம்.

அடுத்து வந்த போடிநாயக்கனூருக்கு ஏலக்காய் நகரம் என்று பெயர். கேரள மலையில் விளைவது இங்கேதான் தரம் பிரிக்கப்படுகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததற்கே மலையின் சரக்குதான் காரணம். மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்க 2010இல் ரயிலை நிறுத்தினார்கள். அது திரும்பி வர 2023 ஆயிற்று.

போடியைப் பார்க்க வேண்டுமானால் விடிவதற்கு முன் பார்க்க வேண்டும். இன்னும் இருட்டாக இருக்கும்போதே தெருமுனைகளில் பெண்கள் கூடுகிறார்கள். தலையில் கட்டிய துண்டு, சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, கையில் தூக்குவாளி, மடித்த பிளாஸ்டிக் தாள். ஜீப் வந்ததும் ஏறுகிறார்கள். உள்ளே நெருக்கி உட்கார்ந்து, பின்புறம் தொற்றி நின்று, ஓட்டுநருக்கு அந்தப் பக்கமும் ஒருவர். போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எங்கும் இதே காட்சி. காலையில் மலை ஏறி, பகல் முழுக்க ஏலக்காய் பறித்து, இருட்டுவதற்குள் இறங்கி வீட்டில் உலை வைப்பவர்கள். நீர் மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. ஆட்கள் கிழக்கிலிருந்து மேற்கே போகிறார்கள். அணை நீரைப் பற்றி இரண்டு மாநிலங்களும் உச்சநீதிமன்றம் வரை பேசியிருக்கின்றன. இந்த ஆட்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசியதில்லை.

முந்தல் சோதனைச் சாவடியில் தொடங்கும் போடிமெட்டு ஏற்றம்தான் எங்கள் பயணத்தின் முக்கியமான ஏற்றம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். கொச்சியிலிருந்து தொண்டி வரை போகும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. கீழ்ப்பகுதியில் முட்புதரும் பாறையும் வெயிலும். புலியூத்து அருவி விழும் இடத்தில் முதன்முதலாகக் குளிர்ந்த காற்று முகத்தில் படும். மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறவருக்கு ஒவ்வொரு மரமும் தனித்தனியாக வந்து போகும். பாறை இடுக்கில் கசியும் நீரை மூங்கில் தப்பையால் ஏந்திச் சாலைக்கு விட்டிருப்பது கூடத் தப்பாது.

ஒரு வளைவில் ஜீப் ஒன்று சூடாகி நின்றிருந்தது. ஓட்டுநர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெண்கள் இறங்கி மதில்கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் வயதான ஒருவர் கேட்டார்.

"எங்குட்டுத் தம்பி போறீக, இந்தச் சைக்கிளப் போட்டுக்கிட்டு?"

"மூணாறுக்குக்கா."

"அம்புட்டுத் தூரமா! எம்புட்டுக் கூலி குடுப்பாக?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. இந்த ஏற்றத்தில் கூலி இல்லாமல் ஏறும் ஒருவரை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆசிரியை சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கூலியெல்லாம் இல்லக்கா. லீவு. மலையப் பாக்க வந்தோம்." அந்த அம்மா கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு தூக்குவாளியைத் திறந்து, "மலையப் பாக்கணும்னா மழைக்குள்ள மேல போயிருங்க. இந்தாங்க, ஆளுக்கு ஒரு வாய்" என்று புளிச்சோற்றை உருட்டி நீட்டினார். வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆறு மணிநேரம் குந்தியிருந்து வேலை பார்க்கப் போகிறவரின் மதியச் சோறு அது. அதன் பிறகு போடிமெட்டு வரை நான் கிலோமீட்டர் கல்லைப் பார்க்கவில்லை.

மேல் வளைவுகளிலிருந்து வடக்கே பார்த்தால் குரங்கணி மலைச்சரிவு தெரியும். மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் அந்தச் சரிவின் வழியாகத்தான் உலகத்துக்கு இறங்கியது. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908இல் அதைக் குறுகிய ரயில் பாதையாக்கினார்கள். ரயில் நின்ற மேல்முனைதான் இன்று சுற்றுலாப் பயணிகள் போகும் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கீழே கோட்டகுடிக்கு வரும், பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது; திரும்பக் கட்டவில்லை. 2018 மார்ச்சில் காட்டுத்தீ நடைபயணம் வந்தவர்களைச் சூழ்ந்ததும் இதே குரங்கணிச் சரிவில்தான். அந்தத் திசையைப் பார்த்து நாங்கள் சற்றுநேரம் பேசாமல் நின்றோம். மலைக்கு விடுமுறையில் வந்தவர்கள் அவர்களும்.

போடிமெட்டில் கட்டன்சாயா. கிழக்கே வெயில், மேற்கே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. பூப்பாறைக்குப் பிறகு ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தெரிகிறது. இந்தப் பகுதியில் சுற்றித்திரிந்த 'அரிக்கொம்பன்' யானையை 2023 ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, தேக்கடிப் பக்கம் பெரியாறு காட்டில் விட்டார்கள். அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைக்கும் யானை. ஒரே மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. பிறகு தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது. யானைக்கு எல்லை தெரியாது என்று சொல்லி இதைக் கடந்துபோகிறோம். யானையின் வழியில் வீட்டையும் தோட்டத்தையும் வைத்தவர்கள் யார், எந்த நிலமும் இல்லாமல் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள் யார் என்ற கேள்வியைத்தான் சின்னக்கானலில் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே ஆதிவாசிக் குடும்பங்களைக் குடியேற்றிய இடமும் யானைத் தடமும் ஒன்றாக இருக்கின்றன.

லாக்ஹார்ட் கணவாய்ச் சாலை அகலப்படுத்தப்பட்டுப் பளபளப்பாக இருக்கிறது. செங்குத்தாக அறுத்த பாறைமுகம் பக்கத்தில் நிற்கிறது. வேலை நடந்தபோது இங்கே பெரிய மண்சரிவுகள் ஏற்பட்டுச் சாலை நீண்டநாள் மூடிக்கிடந்தது. மிதிப்பதற்கு இதைவிட நல்ல சாலை அந்தப் பயணத்தில் இல்லை. மலைக்கு இத்தனை அகலம் தேவையா என்ற எண்ணமும் கூடவே வந்தது. எனக்குத் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

தேவிகுளத்தைக் கடக்கும்போது பல் மருத்துவர் 1956ஐப் பேச ஆரம்பித்தார். மொழிவழி மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற வழக்கு அவர் வீட்டில் தாத்தா காலத்துப் பேச்சு. கோடு கேரளத்துக்குச் சாதகமாக விழுந்தது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நான்காம் ஐந்தாம் தலைமுறையாக இன்றும் தோட்டக் குடியிருப்புகளான லயன் வீடுகளில் இருக்கிறார்கள். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை. 2015 செப்டம்பரில் இந்தத் தோட்டங்களின் பெண்கள்தான், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளிநிற்கச் சொல்லிவிட்டு, மூணாறு சாலையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அதற்குப் பெயர். கேட்ட போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

மறையூர்ச் சாலையில் இரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவிடம் வருகிறது. ஆனைமுடி, 2,695 மீட்டர், மேகத்துக்குள் இருந்தது. வரையாடு பார்க்க வந்தவர்களின் வரிசை நீளம். அந்தப் பூங்காவுக்கு அப்பால் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மலை சரிந்து அங்கிருந்த லயன்களை மூடியது. எழுபது பேர் போய்விட்டார்கள். பலருடைய சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. செய்தி வெளியே தெரியவே மறுநாள் ஆயிற்று. அங்கே தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்தது. தேயிலைச் சரிவுகளின் அழகைப் படமெடுக்கும்போது, அந்தச் சரிவில் யாருடைய வீடு எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் படத்தில் விழுகிறது. பெரும்பாலும் அதை வெட்டிவிட்டுத்தான் நாம் படத்தை அனுப்புகிறோம்.

அங்கிருந்து மறையூருக்கு இறக்கம். குளிர் விலகி, சந்தனக்காடு தொடங்குகிறது. சாலையோரம் கம்பிவேலி, உள்ளே காவல், வேலிக்குப் பின்னால் புள்ளிமான்கள். ஊருக்கு வெளியே பாறை மேட்டில் முனியறைகள்: பெருங்கற்காலத்து மக்கள் பலகைக்கல்லை நிறுத்தி மூடிவைத்த கல்லறைகள். பள்ளிக்கூடத்துக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் பக்கத்திலேயே, திறந்த வெளியில் நிற்கின்றன. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற அஞ்சுநாட்டு ஊர்களின் மக்கள், தங்கள் முன்னோர் மதுரைப் பாண்டிய நாட்டிலிருந்து மலை ஏறி வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த வழியில் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள். கரும்புக்கொட்டகை ஒன்றில் பாகு காய்ந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு எரிபொருள், சாறு பிழிந்து காய்ந்த சக்கைதான். பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி, ஆறுவதற்குள் கையால் உருட்டுகிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுடச்சுட ஓர் உருண்டையைத் தின்றுவிட்டு மிதித்தவர்களுக்குத் தெரியும், மலையில் இதைவிட நல்ல ஆகாரம் கிடையாது.

கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. மறையூரின் நீர் பாம்பாற்றில் சேர்ந்து சின்னாறு வழியாக அமராவதி அணைக்கு வருகிறது. லோயர் கேம்ப்பில் நீருக்கு எதிராக மிதித்த நாங்கள் இங்கே நீரோடு கூடவே இறங்கினோம். சின்னாறு மழைமறைவுக் காடு. ஒரு மணிநேரத்துக்கு முன் சோலைக்குள் நனைந்தவர்கள் இப்போது கள்ளியும் குடைவேலும் நிற்கும் வெக்கையில் இருந்தோம். சாம்பல் அணில்கள் ஆற்றோர மரங்களில் தாவின. சோதனைச் சாவடியில் பை பார்த்த காவலர், யானை நடமாட்டம் இருப்பதால் பிரியாமல் போகச் சொன்னார். ஏற்றம் எங்கும் பிரிந்து பிரிந்து வந்த குழு, கடைசி இறக்கத்தில் ஒன்றாகப் போனது. உடுமலைக் காற்றாலைகள் தெரிந்தபோது எதிர்காற்று ஆரம்பித்துவிட்டது.

நண்பர்களோடு இந்த மெட்டுகளில் ஏற நினைப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். போடிமெட்டுச் சாலையில் காலை எட்டுமணி வரையிலும், மாலையில் இருட்டும் நேரத்திலும் ஜீப்புகளுக்கு வழி விடுங்கள். நமக்கு நிற்க நேரம் இருக்கிறது; அவர்களுக்கு நேரம் தப்பினால் அன்றைய கூலி போய்விடும். இரண்டு அரசுகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஆள் திணித்த ஜீப்புகள் இந்த வளைவுகளில் கவிழ்ந்து பெண்கள் செத்திருக்கிறார்கள். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிகாலையில் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்பும் பேருந்துகளை, தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து விட வேண்டும். நீரைக் கொண்டுவர மலையையே குடைந்த இடம் இது. ஏலக்காய் பறிக்கப் போகிறவர்கள் உட்கார்ந்து போக இருக்கை கொடுப்பது அதைவிடக் கடினமான வேலையல்ல.